மாடல் விமானத்துல டெக்கால் (தண்ணில ஊற வச்சு ஒட்டற ஸ்டிக்கர்) ஓரத்துல வெள்ளி மாதிரி பளபளக்குது, காப்பாத்த முடியுமா?

றெக்கை_72:
2025 செப்டம்பர்ல மிக்-21க்கு சண்டிகர்ல விடை குடுத்தாங்கல்ல, அப்பவே ஒன்னு செய்யணும்னு 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி வச்சேன், இப்பதான் முடியப் போகுது. கிரே பெயின்ட் மேட்டா சூப்பரா வந்துச்சு. நேத்து ராத்திரி றெக்கையில விமானப்படை வட்டம் ஒட்டினேன், ஈரமா இருக்கறப்ப கச்சிதம், காலைல பாத்தா வட்டத்த சுத்தி செலோடேப் ஒட்டுன மாதிரி தெரியுது. டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சா இன்னும் மோசம். ரெண்டு நிமிஷம் தண்ணில ஊறப் போட்டேன், அதனாலயா? இன்னும் வால் நம்பரும் குட்டி எழுத்துங்களும் அப்படியே பாக்கி.

பசை_பாண்டி:
மைக்ரோ சால்னு டெக்கால இளக்கி படிய வைக்கற திரவம் இருக்கு, வாங்கி தடவுங்க ப்ரோ, முடிஞ்சுது.

சூலூர்க்காரன்:
அது மட்டும் பத்தாதுங்க. மேட் பெயின்ட்டு கண்ணுக்குதான் வழுவழுப்பு, உண்மையில உப்புத்தாள் மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கும். அந்த பள்ளத்துல காத்து மாட்டிக்குது, அதுதான் வெள்ளியா மின்னுது. ஷீட்டு மேல தப்பில்லீங்க. மொதல்ல கிளாஸ் கோட் (பளபளப்பான கிளியர் பூச்சு), டமியா எக்ஸ்-22 மாதிரி ஏதாவது, ஒரு நாள் முழுசா காய விட்டு அப்புறந்தான் டெக்கால். மேட் வேணும்னா எல்லாம் ஒட்டி காஞ்சதுக்கப்புறம் கடைசில அடிச்சுக்கலாம். மழை நேரத்துல மட்டும் கிளியர் ஸ்ப்ரே அடிக்காதீங்க, பால் ஊத்துன மாதிரி மங்கிடும், எனக்கு ஒரு தேஜஸ் அப்படியே போச்சு.

ரெண்டு நிமிஷம் ரொம்ப அதிகம், பசையெல்லாம் கரைஞ்சு போயிரும். பத்து, பதினஞ்சு செகண்ட் முக்கி எடுத்து டிஷ்யூ மேல வைங்க, ஒரு நிமிஷத்துல தானா நகரும். போர் தண்ணி வேண்டாம், காஞ்சா உப்பு படியும்.

றெக்கை_72:
அண்ணா ஏர்பிரஷ் இல்ல, பிரஷ்லயே கிளாஸ் அடிக்கலாமா? அப்புறம் ஏற்கனவே ஒட்டுனத பிச்சு எடுக்கணுமா?

சூலூர்க்காரன்:
பிச்சுராதீங்க! மெல்லிசு ஊசியால மின்னுற இடத்துல நாலஞ்சு குத்து குத்தி மைக்ரோ சால் ஒரு சொட்டு வைங்க, உள்ள இறங்கும். கொஞ்ச நேரத்துல டெக்கால் சுருங்கி கிழவி முகம் மாதிரி ஆகும், பயந்து விரல் வச்சீங்கன்னா கதை முடிஞ்சுது, தொடாம விட்டுட்டு டீ குடிக்க போயிருங்க, காயும்போது தானா படிஞ்சுரும். ஒரு தடவையில போகலைன்னா மறுபடி. பிரஷ்ல தாராளமா அடிக்கலாம், அகலமான மெத்துன்னு பிரஷ், அடிச்ச இடத்தையே திரும்ப திரும்ப தேய்க்காம இருந்தா போதும்.

பசை_பாண்டி:
நீல லேபிள் மைக்ரோ செட் ஒட்டறதுக்கு முன்னாடி அடியில, சிவப்பு லேபிள் மைக்ரோ சால் மேல. செட் வினிகர் வாசம் அடிக்கும். நான் ஒரு வருஷம் மாத்தி மாத்தி யூஸ் பண்ணிட்டு கம்பெனிய திட்டிட்டு இருந்தேன் 😂

றெக்கை_72:
மூணு தடவ குத்தி வச்சேன். இடது றெக்கை சுத்தமா போயிடுச்சு, வலதுல ஓரமா கொஞ்சம் இருக்கு, கிட்ட போனாதான் தெரியும். பாக்கி இடத்துல கிளாஸ் அடிச்சு வால் நம்பர் ஒட்டுனேன், கேரியர் ஃபிலிம் (எழுத்த சுத்தி இருக்கற கண்ணாடி மாதிரி படலம்) இருக்கறதே தெரியல, பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு. ஒரே ஒரு எழுத்து தலைகீழா ஒட்டிட்டேன், அதுக்கு எந்த லேபிள் பாட்டில் ஊத்தணும்?