மாடியில் வகுப்பு என்று சொல்லி என் பையனைச் சேர்க்க மறுக்கலாமா?

காசிமேட்டு அம்மா:
என் பையனுக்கு 6 வயது, சி.பி. (பெருமூளை வாதம்). சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பேச்சு கொஞ்சம் குழறும், பழகினவர்களுக்குப் புரியும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் பாதிப்பு 60 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு என்னோடு வருவான். போட்டில் எழுதியிருக்கும் நம்பரை எல்லாம் தானே படித்துச் சொல்வான். பக்கத்துத் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கேட்டால், "கிளாஸ் மாடியில், தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை, ஸ்பெஷல் ஸ்கூலில் போடுங்கள்" என்கிறார்கள். இரண்டு தடவை போய்விட்டேன். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

கொருக்குப்பேட்டை அப்பா:
இல்லை, அக்கா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16 எடுத்துப் பாருங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தையும் குழந்தை வந்துபோகிற மாதிரி வைக்க வேண்டும். மாடிதான் பிரச்சினை என்றால் அந்த வகுப்பைக் கீழே இறக்கட்டும். அதற்கு லிஃப்ட் எதற்கு? அப்புறம் பிரிவு 31. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. அந்த விருப்பம் உங்களுடையது, அவர்களுடையது இல்லை.

வாயால் கேட்டது போதும். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மறுப்பதானால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். என் பெண்ணுக்கு "சீட் இல்லை" என்றவர்கள், பேப்பரைக் கேட்டதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் எழுதலாம்.

வியாசர்பாடி டீச்சர்:
சட்டம் சரி, ஆனால் மாநகராட்சிப் பள்ளியையும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர், பிசியோதெரபி எல்லாம் வட்டார வள மையம் வழியாக வரும். தினமும் வர மாட்டார்கள், எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தையும் கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அதன் மேல் பைக்தான் நிற்கும்.

தண்டையார்பேட்டை 81:
"என்ன நடந்தாலும் பெற்றோரே பொறுப்பு" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டு, வருஷம் முழுக்கப் பள்ளி வாசலிலேயே காவல் இருந்தேன்.

காசிமேட்டு அம்மா:
இன்று மனு கொடுத்தேன். கிளார்க் சீல் போட யோசித்தார். பையன் அவர் மேசை காலண்டரில் தேதியைச் சத்தமாகப் படித்தான். அவருக்குப் புரியவில்லை, திரும்பவும் படித்தான். சிரித்துக்கொண்டே குத்திக் கொடுத்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நகலை மீன் வாடை படாமல் அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன்.