பவர் சப்ளை பழுதா, மதர்போர்டு பழுதா?

மதுரையில் இருக்கிறேன். போன வாரம் மின்சாரம் போய்த் திரும்பியதிலிருந்து கணினி எழவில்லை. பொத்தானை அழுத்தினால் மின்விசிறி ஒரு கணம் சுற்றி நின்றுவிடுகிறது. பீப் ஒலியும் இல்லை. ஐந்து வருடப் பழைய 450 வாட் பவர் சப்ளை, இன்டெல் ஐ5-10400 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு.

கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் இரண்டையும் கழற்றினேன், ரேமை மாற்றிச் செருகினேன், போர்டிலுள்ள சிறிய சிமாஸ் பேட்டரியும் புதிது. பலனில்லை.

பவர் சப்ளையைத் தனியே எடுத்து, ஆன் செய்யும் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் (கிரவுண்ட்) இணைத்தால் ஓடுகிறது. மஞ்சள் கம்பியில் 12.1 வோல்ட், ஊதாவில் 5 வோல்ட். போர்டில் மாட்டியதும் மஞ்சள் 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து அணைகிறது, 11.4க்குக் குறையக் கூடாதே! மாற்றிப் பார்க்க வேறு பவர் சப்ளை கிடைக்கவில்லை. தங்கையின் கல்லூரி ப்ராஜெக்ட் இதில்தான் நடக்கிறது, வீண் செலவுக்கு வழியில்லை.

புதிய 550 வாட் வாங்குவதற்கு முன், மதர்போர்டில் ஷார்ட் சர்க்யூட் இல்லை என்பதை மல்டிமீட்டரால் எப்படி உறுதி செய்வது?