பழைய தமிழ் முகவரி புதுப் பக்கத்துக்குப் போகவில்லை, பக்கங்களுக்கு மட்டும் 404 (வேர்ட்பிரஸ்)

தேன்கடை, மார்த்தாண்டம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தேன் கடைக்கு வேர்ட்பிரஸ், அதன்மேல் விற்பனைக்கான ஊகாமர்ஸ் போட்ட ஒரு தளம் இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லா முகவரியும் தமிழிலேயே வைத்திருந்தோம். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக அரை ஸ்கிரீனுக்கு வந்து விழும், வாங்குகிறவர்கள் வைரஸோ என்று பயந்து தொடுவதே இல்லை. அதனால் ஸ்லக்கை (முகவரியின் கடைசித் துண்டை) எல்லாம் சின்னச் சின்ன ஆங்கில வார்த்தையாக மாற்றிவிட்டேன். பதிவுகளும் பொருட்களும் பழைய லிங்கைத் தட்டினாலும் தானாகவே புது முகவரிக்குப் போய்விடுகின்றன, அதற்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. பக்கங்கள் மட்டும் 404, 'பக்கம் இல்லை' என்று வருகிறது. அதிலும் 'தேனீ வளர்ப்பு பயிற்சி முகாம்' பக்கம்தான் தலைவலி, பாட்டில் லேபிளில் உள்ள கியூஆர் அங்கேதான் போகும். லேபிள் ரோல் ரோலாக அடித்தாச்சு, பாட்டிலும் குலசேகரம் வரைக்கும் கடைகளில் இருக்கிறது. ரப்பர் தேன் சீசனுக்கு முன்னால் சரியாக வேண்டும்.

ரீடைரக்‌ஷன் பிளகினில் பழைய முகவரியும் புதியதும் கொடுத்தேன், போகவில்லை. சர்வருக்குக் கட்டளை எழுதும் எச்டிஆக்சஸ் கோப்பிலும் ஒரு ரீரைட் வரி (முகவரியை மாற்றிவிடும் விதி) எழுதிப் பார்த்தேன், அதுவும் இல்லை. ஹோஸ்டிங்காரர்கள் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள்.

வடசேரி:
செட்டிங்ஸில் பெர்மாலிங்க் (முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் ஒரு தடவை சேவ் கொடுங்கள். எனக்கு 404 வந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

தேன்கடை, மார்த்தாண்டம்:
கொடுத்தேன் அண்ணே. பழையபடிதான். இப்போது பார்த்தால் நான் எச்டிஆக்சஸில் எழுதிய வரியையே காணோம்!

தக்கலைக்காரன்:
வரி எங்கே போச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பில் 'பிகின் வேர்ட்பிரஸ்', 'எண்ட் வேர்ட்பிரஸ்' என்று இரண்டு குறி இருக்கும். நடுவில் இருப்பது வேர்ட்பிரஸ்ஸின் சொந்த இடம், பெர்மாலிங்க் சேவ் கொடுக்கும்போது அதை அழித்துப் புதிதாக எழுதும். உங்கள் வரியை அதற்குள் வைத்திருப்பீர்கள். எப்போதும் 'பிகின்' வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினாலும் பலன் இல்லை, அதற்குள் கோரிக்கை வேர்ட்பிரஸ்ஸின் இண்டெக்ஸ் கோப்புக்குப் போயிருக்கும்.

அப்புறம், பதிவும் பொருளும் தானாகப் போவது, பக்கம் போகாதது. அது வேர்ட்பிரஸ்ஸின் வழக்கமே. வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழைய ஸ்லக்கையும் அது குறித்து வைத்துக்கொண்டு, யாராவது அதில் வந்தால் புதியதுக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுக்கும். பக்கத்துக்கு, ஒன்றின் கீழ் ஒன்று வைக்கலாம் என்பதால், இப்படிக் குறித்து வைப்பதில்லை. ஆகவே பக்கங்களுக்கு நீங்களேதான் போட வேண்டும். பிளகினில் பழைய முகவரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? எச்டிஆக்சஸில் எப்படி எழுதினீர்கள்? சர்வர் மென்பொருள் அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

தேன்கடை, மார்த்தாண்டம்:
அப்பாச்சிதான். பிளகினில் பக்கத்தின் தலைப்பைப் பார்த்துத் தமிழில் டைப் செய்தேன், இடையில் கோடு போட்டு. எச்டிஆக்சஸில் பழைய வாட்ஸ்அப் மெசேஜில் இருந்த சதவீதக் குறி லிங்கை அப்படியே ஒட்டினேன்.

குழித்துறை:
மக்கா, இரண்டும் வேறு வேறு காரணத்தால் போகவில்லை.

எச்டிஆக்சஸ் முதலில். அப்பாச்சி, ரீரைட் விதியோடு ஒப்பிடுவதற்கு முன்பே முகவரியில் உள்ள சதவீதக் குறிகளைப் பிரித்து எழுத்தாக்கிவிடும். நீங்கள் குறியாக எழுதி வைத்தால் ஒருநாளும் பொருந்தாது. அங்கே தமிழ் எழுத்தாகவே, யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்து எழுத வேண்டும்.

பிளகின் கதை இன்னும் சுவாரசியம். ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கும் இடம் 200 எழுத்துதான், அதுவும் சதவீதக் குறியாக்கிய பிறகு. ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து, ஆக 9 எழுத்து. மெய்யின் புள்ளி தனிக் குறியீடு, உயிர்மெய்யில் சேரும் உயிர்க்குறியும் தனிக் குறியீடு. உங்கள் தலைப்பை எண்ணிப் பாருங்கள்: 'தேனீ' 4, 'வளர்ப்பு' 8, 'பயிற்சி' 7, ஆக 19 குறியீடு, 171. இடைக்கோடு மூன்றும் சேர்ந்து 174. 'மு' வந்ததும் 192. அடுத்த 'க' சேர்ந்தால் 201, இடம் இல்லை. அதனால் முகவரி 'தேனீ-வளர்ப்பு-பயிற்சி-மு' என்று நின்றிருக்கும். நீங்கள் 'முகாம்' என்று முழுசாக டைப் செய்திருப்பீர்கள்.

லேபிள் கியூஆரை ஸ்கேன் செய்து வருவதைப் பாருங்கள், 'மு'வோடு நிற்கும்.

தேன்கடை, மார்த்தாண்டம்:
அப்படியே 'மு'தான்! பிளகினில் அதையே போட்டேன், போகிறது. கொள்ளாம் அண்ணே, ரொம்ப நன்றி. எச்டிஆக்சஸை இனித் தொடவில்லை. ஆனால் 'தொடர்புக்கு' பக்கம் இன்னும் 404. அது சின்ன ஸ்லக், வெட்டுப்படவும் வாய்ப்பில்லை. எழுத்துப் பிழையும் இல்லை, நாலு பேரிடம் காட்டிவிட்டேன்.

தக்கலைக்காரன்:
'தொ'வில்தான் இருக்கும். ஒகரத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, இல்லையென்றால் முன்னால் கொம்பு பின்னால் கால் என்று இரண்டாக. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், நாலு பேர் பார்த்தாலும் தெரியாது, பைட் மட்டும் வேறு. முன்பு வேறு எழுத்துருவில் இருந்து மாற்றி ஒட்டிய தலைப்பாக இருந்தால் இப்படி ஆகும். கையால் டைப் செய்யாதீர்கள். பிளகினில் 404 பதிவேடு இருக்கிறது, பழைய லிங்கை ஒரு தடவை நீங்களே திறந்தால் அதில் வந்து உட்காரும், அந்த வரியிலேயே ரீடைரக்ட் சேர்க்கலாம். வந்த முகவரி எதுவோ அதே பைட்டோடு பதியும்.

தேன்கடை, மார்த்தாண்டம்:
சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. நடுவில் சோதனைக்காகப் பயிற்சி பக்கத்தின் பழைய லிங்கை முகப்புக்குத் திருப்பி வைத்திருந்தேன். இப்போது என் போனில் மட்டும் அது முகப்புக்கே போகிறது, தம்பி போனில் சரியாக வருகிறது.

குழித்துறை:
நீங்கள் கொடுத்தது 301, நிரந்தரம் என்று அர்த்தம், அதைப் பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்காமலே திருப்பிவிடும். உங்கள் போனில் கேஷை (பிரவுசர் சேமித்து வைத்ததை) அழித்தால் போகும். இனிமேல் சோதனைக்கு 302 (தற்காலிகத் திருப்பல்) போடுங்கள், தனிப்பட்ட விண்டோவில் பாருங்கள், எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு 301 ஆக்குங்கள். சோதித்த நேரத்தில் கியூஆரை ஸ்கேன் செய்தவர்களுக்கும் அதே நிலைதான், அவர்கள் போனில் போய் அழிக்க முடியாது. அதனால் முகப்பில் பயிற்சி முகாமுக்கு ஒரு பெரிய பட்டன் வைத்துவிடுங்கள்.

தேன்கடை, மார்த்தாண்டம்:
வைத்தாச்சு, மஞ்சள் நிறத்தில், மேலேயே.