பெற்றோல் அதிகம் குடிக்கிறது, இன்ஜெக்டர் கழுவியும் குறையவில்லை: வேறு எங்கே பார்க்க வேண்டும்?

கல்லடி டீச்சர்:

வணக்கம். என்னுடையது எண்ணூறு சிசி சிறிய கார், 2013ஆம் ஆண்டு மொடல், 91,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. கல்லடியிலிருந்து கல்முனையிலுள்ள பாடசாலைக்குப் போய் வருகிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டுக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் கிடைத்த காலத்தில், பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் கிலோமீற்றரை ஒரு கொப்பியில் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. இன்னும் விடவில்லை. அந்தக் கொப்பிதான் இப்போது என் நித்திரையைக் கெடுக்கிறது. ஐப்பசி வரை லீற்றருக்கு 17 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடிய வண்டி, தை பிறந்ததிலிருந்து 13ஐத் தாண்டவில்லை.

கராஜில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலே "இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது" என்றார்கள், பெற்றோலை இன்ஜினுக்குத் தெளிக்கிற பாகமாம். அதைக் கழுவி, பிளக் மூன்றையும் மாற்றியதில் 19,000 ரூபா போனது. அடுத்த டாங்கியில் கணக்குப் பார்த்தால் 13.2. திரும்பப் போய்க் கேட்டதற்கு, பழைய வண்டி அப்படித்தான் என்று பதில். இன்ஜின் விளக்கு எரியவில்லை, புகையும் இல்லை. வண்டி சற்றுக் கனமாக ஓடுவதுபோல் மட்டும் தோன்றுகிறது. சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலைப்பக்கம் பதுளைக்குப் போக நினைத்திருந்தோம். என்ன செய்யலாம்?

நாவற்குடாத் தம்பி:

அக்கா, 95 ஒக்டேன் அடித்துப் பாருங்கள். என் நண்பனின் வண்டி பஞ்சுபோல் ஓடுகிறது.

ஏறாவூர்க் காக்கா:

தம்பி, பஞ்சுபோல் ஓடுவது அவர் மனம். 92க்கென்று செய்த இன்ஜினுக்கு 95 ஊற்றினால் கூடுவது பில் மட்டும்தான். டீச்சரின் காசை நாமும் சேர்ந்து கரைக்க வேண்டாம்.

டீச்சர், 31 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். ஒரு கேள்வி: மார்கழி மழையில் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினீர்களா?

அக்கரைப்பற்றுச் சாரதி:

காக்கா கேட்டதற்குப் பதில் வருவதற்குள் ஒன்றைச் சொல்கிறேன். டயரில் காற்றைப் பார்த்தீர்களா? சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எவ்வளவு காற்று என்று அதில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் அடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கல்முனை வரை ஓடிய சூட்டில் பார்த்தால் மீற்றர் கூடுதலாகவே காட்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், அதையும் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருக்கிறதே என்று பழைய டயரோடு பதுளை ஏற வேண்டாம்.

கல்லடி டீச்சர்:

டயர் 2021. காற்று 26 இருந்தது, ஸ்டிக்கரில் 30. சரிசெய்து ஒரு டாங்கி ஓடினேன்: 13.9. கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் பழைய கணக்குக்கு வரவில்லை.

காக்கா, ஆம், இறக்கினேன். அம்பாறையில் ஒரு பயிற்சி வகுப்பு முடிந்து வரும்போது மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேல் தண்ணீர். முன்னால் ஒரு லொறி போனது, அதன் பின்னால் நானும் போய்விட்டேன். சில்லு பாதிக்கு மேல் மூழ்கியது. இன்ஜின் நிற்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

ஏறாவூர்க் காக்கா:

லொறியின் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு. ஏச்சு இவ்வளவுதான், இனி விசயத்துக்கு வருவோம்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எதற்கும் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், பால்தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்று. எயர் பில்டரையும் கழற்றிப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் பிரேக்கில்தான். சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட்களால் இறுக்கிப் பிடிப்பதுதான் கலிப்பர். சேற்றுத் தண்ணீர் கலிப்பருக்குள் போய், அதன்மேல் நம் கடற்கரை உப்புக்காற்றும் பட்டால், கலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் 'பின்' என்கிற இரும்புக் கம்பி துருவேறி இறுகிவிடும். நீங்கள் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அதைத் தள்ளித்தான் இன்ஜின் ஓடுகிறது, பெற்றோலும் அங்கேதான் எரிகிறது.

சோதிக்கக் காசு தேவையில்லை. 20 கிலோமீற்றர் ஓடுங்கள். கடைசியில் வாகனம் இல்லாத இடத்தில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துங்கள். நம் பக்கம் வீதி மேடு பள்ளமில்லாமல் கிடக்கிறது, இதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இறங்கி ஒவ்வொரு சில்லுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அருகே போதும். நான்கில் ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான் ஆள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காதீர்கள், சூட்டில் வளைந்துவிடும்.

கல்லடி டீச்சர்:

காக்கா, முன் இடது சில்லு! மற்ற மூன்றும் வெயிலில் நின்ற இரும்புபோல் இருக்க, இது மட்டும் அடுப்புவாய்போல் இருந்தது. கருகிய மணமும் வந்தது. இத்தனை நாளாக அந்த மணத்தை வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏறாவூர்க் காக்கா:

பதுளைப் பயணம் இப்போதைக்கு வேண்டாம். பெற்றோலை விடுங்கள், உயிர்க் காரியம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 அளவிலேயே கொதிக்கலாம். சில்லு ஒன்று ஏற்கெனவே அனலாக இருக்க, இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால், ஒயில் ஆவியாகிப் பெடல் வெறுமையாகக் கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கலிப்பரை அதற்கு ஒயில் கொண்டுபோகும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். அந்தப் 'பின்' கம்பிக்குச் சாதாரண கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ்தான் வேண்டும். பின்னை மாற்றியும் சூடு குறையாவிட்டால் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கினால் ஒயில் போகும், திரும்பி வராது.

நாவற்குடாத் தம்பி:

அக்கா, ஒக்டேன் கதையை மறந்துவிடுங்கள்.

கல்லடி டீச்சர்:

நேற்று வேறொரு கராஜில் கழற்றினார்கள். நின்று பார்த்தேன். ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செம்மண் சேறு கட்டியாகக் காய்ந்திருந்தது. பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார்கள்; பாதி பளபளப்பு, பாதி துரு. உட்பக்கப் பேட் கிட்டத்தட்ட இரும்பு வரைக்கும் போய்விட்டது, வெளிப்பக்கப் பேடில் பாதி மிச்சம். வெளியிலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் நல்ல பேட் என்றுதான் நினைத்திருப்பேன். இரண்டு பக்கமும் பேட், பின், ரப்பர், ஒயில், கூலி எல்லாமாக 16,500. முதலில் இதைப் பார்த்திருந்தால் அந்த 19,000 கையில் இருந்திருக்கும்.

இன்று கல்முனை போய் வந்தேன். நான்கு சில்லும் ஒரே சூடு. டாங்கி முடிந்ததும் கணக்கை எழுதுகிறேன்.

ஏறாவூர்க் காக்கா:

பின்பக்கச் சில்லுகளின் பிரேக் டிரம்மையும் ஒருநாள் திறக்கச் சொல்லுங்கள், அதே சேறு அங்கேயும் இருக்கும். திறக்கும் பொடியன் தூசியை வாயால் ஊதினால் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கல்லடி டீச்சர்:

16.8. பின் டிரம் வரும் சனிக்கிழமை.