யாழில் நிழல் மறையும் நாள்: பிள்ளையளுக்கு எப்படிக் காட்டுறது?

கேள்வி: தரம் 8க்குச் செய்து காட்ட வேணும். எந்த நாள்? சரியா 12 மணிக்குத் தடி நட்டாலும் நிழல் விழுதே, ஏன்?

பதில் 1: ஏப்ரல் 15, ஓகஸ்ட் 28 அளவில சூரியன் நேர உச்சிக்கு வரும், அப்ப நிமிர்ந்த தடிக்கு நிழல் விழாது. நேரம் 12.10. எங்கட மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுது, யாழ்ப்பாணம் 80இல இருக்கு. பாகைக்கு 4 நிமிசம் பிந்தும்.

பதில் 2: வளைஞ்ச தடி சரிவராது. 30 சென்ரிமீற்றர் பிவிசி குழாய் எடுங்கோ, தூக்குக்குண்டு பிடிச்சு நிமிர்த்துங்கோ. 1 பாகை சரிஞ்சாலே அரைச் சென்ரிமீற்றர் நிழல் வரும். முக்கால்வாசிப் பிழை இதிலதான். 11.40இல இருந்து 5 நிமிசத்துக்கு ஒருக்கா நிழல் நுனியைக் கடதாசியில குறிக்கச் சொல்லுங்கோ.

பதில் 3: ஏப்ரலில வருசப்பிறப்பு லீவு வந்திடும், வீட்டு முத்தத்திலயே செய்யட்டும். முகில் மூடினால் அடுத்த நாள் பாருங்கோ, வித்தியாசம் 2 மில்லிமீற்றர்தான். சூரியனை அண்ணாந்து பார்க்க மட்டும் விடாதேங்கோ.