ஒரே அஞ்சல் பெட்டியை மூவர் திறக்கும்போது வரும் பூட்டுச் சிக்கல்

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில், வரும் மின்னஞ்சலைப் பெட்டியில் சேர்க்கும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியைப் பயனர்களுக்குத் திறந்துகாட்டும் டவ்காட்டும் இயங்குகின்றன. அஞ்சல்கள் எம்பாக்ஸ் வடிவில் உள்ளன. கணக்குப் பிரிவின் பொது முகவரியை இருவர் பாப்3 (அஞ்சலைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வழியாகவும், ஒருவர் கைப்பேசியில் ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகவும் பார்க்கிறார்கள். காலையில் மூவரும் ஒருசேரத் திறந்தால் யாராவது ஒருவருக்குப் பெட்டி பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது. உடனே சக ஊழியர் ஒருவர் பூட்டுக் கோப்பை (பெட்டி பயன்பாட்டில் உள்ளதைக் காட்டும் சிறு கோப்பு)க் கையால் அழித்துவிடுகிறார், பெட்டியும் திறந்துகொள்கிறது. இது சரியான வழிதானா?

மறுமொழி:
தயவுசெய்து அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எம்பாக்ஸில் எல்லா அஞ்சல்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதால், தொடக்கத்திலுள்ள ஓர் அஞ்சலை நீக்கினாலும் அதற்குப் பின்னுள்ளவை அனைத்தையும் முன்னால் நகர்த்தி எழுத வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பூட்டு இல்லாமல் போஸ்ட்ஃபிக்ஸ் புதிய அஞ்சலைச் சேர்த்தால் கோப்பே சிதைந்துவிடும். மேலும், 1996இல் வந்த ஆர்எஃப்சி 1939 என்னும் பாப்3 தர ஆவணம், பாப்3 அமர்வு தொடங்கும்போது பெட்டியைத் தனியுரிமையாகப் பூட்ட வேண்டும் என்கிறது. எனவே இரண்டாவது பாப்3 பயனர் மறுக்கப்படுவது பழுதன்று.

மற்றொரு மறுமொழி:
போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டும் ஒரே வகைப் பூட்டுகளை ஒரே வரிசையில் இடுகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று முதலில் டாட்லாக்கையும் (தனிப் பூட்டுக் கோப்பு) மற்றொன்று முதலில் எஃப்சிஎன்டிஎல் பூட்டையும் (இயங்குதளம் வழியாக இடும் பூட்டு) பிடித்துக்கொண்டால், இரண்டும் மற்றதற்காகக் காத்து நின்றுவிடும்.

கேட்டவர்:
வரிசை மாறித்தான் இருந்தது, திருத்திவிட்டேன். நீண்ட முடக்கம் நின்றுவிட்டது, ஆனால் காலை நேரக் காத்திருப்பு தொடர்கிறது. மெயில்டிர் என்ற வேறு சேமிப்பு வடிவத்துக்கு மாறினால் தீருமா?

மறுமொழி:
பெருமளவு தீரும். டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் என்ற அஞ்சல் சர்வர் நிரலுக்காக வடிவமைத்த மெயில்டிரில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. அது டெம்ப் கோப்புறையில் முழுமையாக எழுதப்பட்ட பிறகே நியூ கோப்புறைக்குச் செல்வதால், அரைகுறை அஞ்சல் எவர் கண்ணிலும் படாது. டவ்காட் தன் யுஐடி (ஒவ்வோர் அஞ்சலுக்குமான அடையாள எண்) பட்டியலுக்கு மட்டும் சிறிது நேரம் பூட்டிடும்; அதை உணரக்கூட மாட்டீர்கள். ஆனால் பாப்3 பயனர் இறக்கியதும் அழிக்கும்படி அமைத்திருந்தால் மற்ற இருவருக்கும் அந்த அஞ்சல் கிடைக்காது. எந்த வடிவமும் இதைத் தடுக்காது. ஆகவே பாப்3 பயனர் இருவரையும் ஐமேப்புக்கு மாற்றுங்கள். வடிவத்தை மாற்றும்போது அஞ்சல் வருகையை நிறுத்திவைத்து, பழைய கோப்பின் நகலை எடுத்த பிறகே தொடங்குங்கள்.