புதுப்பிப்பு: மருந்து எடுத்தும் விடாத மனச்சோர்வு, மூன்று மாதத்துக்குப் பிறகு

ஒரு வருடமாக மருந்து எடுத்தும் மனச்சோர்வு முழுதாக விடவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சென் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை வாங்கமுன் டொக்டரிடம் கேட்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. நான் எடுக்கும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தோடு அது சேர்ந்தால், உடலில் செரட்டோனின் என்ற இரசாயனம் அளவுமீறி ஆபத்தாகலாம் என்றார் டொக்டர். விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது, மனம் வரும்வரை காத்திருக்காமல் நேரம் குறித்துச் செய்யும் முறைதான். தினமும் காலை 6 மணிக்கு வெள்ளவத்தை மரைன் டிரைவில் 20 நிமிட நடை. முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாவது வாரம்தான் தூக்கம் சீரானது. மருந்தை நிறுத்தவில்லை.

எதிர்பாராதது, இடையில் ஒரு இரவு மிக மோசமாக இருந்தது. 1926க்கு எடுத்துக் கதைத்தேன். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம்.